பரி-பரிக் கடையின் தமிழ்த் தேவதை

காஜா பேராங், மலாக்கா
10 மார்ச் 1957

அடி மல்லிகா,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் நல்லையா வாத்தியார் நமக்குக் கற்றுக்கொடுத்தார். நான் நலம். உன் நலத்தை அறிய மூன்று வாரமாக வைத்திருந்த ஆவல் ஊசிப்போய்விட்டது. அதனால் நானே முந்திக்கொள்கிறேன். விலாசம் கொடுத்தது உன் தங்கை பத்மினி. அதற்கு அவள் கேட்ட லஞ்சம் ஒரு தட்டு ரோஜாக்.

மாலை வகுப்பில் உன் இடம் காலி. டிசம்பரில் பயிற்சி ஆசிரியர் பரீட்சை. நீ இல்லாமல் நான் யாரைப் பார்த்து எழுதுவது? போன வாரம் வாத்தியார், "சந்திரமதி, உன் பேரிலே ரெண்டு நிலா இருக்கு, தலைக்குள்ளேதான் அமாவாசை" என்றார். "அமாவாசை மாசத்துக்கு ஒரு நாள்தான் சார்" என்றேன். மிச்ச வகுப்பு முழுவதும் பெஞ்சுமேல் உதயமாகி நின்றேன்.

பரி-பரிக் கடைக்கு நேற்றும் போனேன். கிறிஸ்மஸ் லீவில் நீயும் நானும் தலை குனிந்து நுழைந்தோமே, அதே குட்டை வாசல்தான். கடைக்காரச் சுந்தரி அம்மாள் இன்னும் தைத்துக்கொண்டேயிருக்கிறார். கப்பலேறும் துரைசானிகள் ஏலத்தில் போட்டுவிட்டுப் போன கிறிஸ்மஸ் தேவதைப் பொம்மைகளுக்கெல்லாம் கவுனைக் கழற்றிவிட்டு கெபாயாவும் சாரோங்கும். இறக்கை மட்டும் பழைய இறக்கை. இப்போது ஒவ்வொருத்தி கையிலும் மந்திரக்கோல் போய்ச் சுதந்திரக் கொடி வந்திருக்கிறது. மலாயில் பரி என்றால் தேவதை, நம் செய்யுளில் பரி என்றால் குதிரை. காஜா பேராங், அதாவது யானைக்குக் கோபம் வந்த ஊரில், இரட்டைக் குதிரைக் கடை. உள்ளே போனால் பரிசு, பையைத் திறந்தால் பரிதாபம். இதைச் சொல்லிச் சிரிக்க இங்கே ஆள் இல்லை.

உனக்குக் கல்யாணம் என்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாயே.

சந்திரா


சுங்கை லாடா தோட்டம், குளுவாங்
24 மார்ச் 1957

சந்திராவுக்கு,

நான் சொல்லாமல் போகவில்லை. என்னை அப்பாவின் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து அத்தை வீட்டில் இறக்கிவிட்டார்கள். காஜா பேராங்கில் கோழிக்கும் தெரிந்தது உனக்குத் தெரியாது என்று எழுதுகிறாய். தெரியாது என்றே வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

அந்தக் கடை வாசலில் ஒரு மரப்பெட்டி உண்டு அல்லவா. வேண்டியதைச் சீட்டில் எழுதிப் போட்டால், அடுத்த சனிக்கிழமை தேவதையின் பதில் அட்டை கம்பியில் தொங்கும். பெயர் வேண்டாம், நம்பர் போதும். சின்னப் பிள்ளைகள் பொம்மை கேட்பார்கள், மிட்டாய் கேட்பார்கள். நான் நாற்பத்தொன்றாம் நம்பர். எனக்கு இறக்கை முளைத்த ஆளிடம் நம்பிக்கை இல்லை. நான் கேட்டது அந்த அம்மாவிடம். சிவகாமசுந்தரி என்று பெயர், நெற்றி நிறையத் திருநீறு, பொங்கல் என்றால் கோயிலில் முதல் ஆள். தமிழில் எழுதினால் என் மனசு புரியும் என்று நினைத்தேன். நேரில் கேட்க வெட்கமாக இருந்தது.

அத்தை மகன் சங்கரனுக்கு என்னைப் பேசி வைத்திருப்பதை எழுதினேன். பரீட்சை எழுத ஆசை என்று எழுதினேன். உங்கள் கடையில் தைக்க எனக்கு ஒரு வேலை கொடுத்து, என் அப்பாவிடம் நீங்களே வந்து பேசினால் அவர் இந்த ஒரு வருஷம் பொறுப்பார் என்று எழுதினேன். அவ்வளவுதான்.

பதில் தொங்கியது. "துணிமணியைக் கட்டிக்கொண்டு சனிக்கிழமை நாலு மணிக்கு வா. இங்கே வேலையும் உண்டு, மாடியில் இடமும் உண்டு. உன் அப்பாவிடம் நானே பேசுகிறேன். அதுவரை யாரிடமும் மூச்சு விடாதே. தேவதை." எனக்கு மனப்பாடம்.

பிப்ரவரி பதினாறு. அப்பா குருபோங் ரோட்டுக்குக் கல் இறக்கப் போயிருந்தார். பையை எடுத்துக்கொண்டு போனேன். "வந்துட்டேன்மா" என்றேன். அந்த அம்மா என்னையும் பையையும் பார்த்து மலாயில் என்னவோ கேட்டார். நான் தமிழில் சொன்னேன். புரியவில்லை என்று தலையை ஆட்டினார். அட்டையைக் காட்டினேன், அதையும் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். இப்படியும் ஒருத்தர் நடிப்பாரா? உள்ளே திரைக்குப் பின்னால் யாரோ சிரித்த சத்தம் கேட்டது. அதற்குள் நான் பையோடு போனதைப் பார்த்த யாரோ அப்பாவிடம் சொல்லி, லாரி வாசலுக்கு வந்துவிட்டது. "எவன்டி அவன்? எவன் வரச் சொன்னான்?" என்று நடுரோட்டில் கேட்டார். அட்டையைக் கிழித்துச் சாக்கடையில் போட்டார். அதற்குமேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

அத்தை கெட்டவர் இல்லை. "உங்கப்பன் வாயால பொண்ணு மேல தப்பு இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், நீ பரீச்சை எழுதுற வரைக்கும் நான் பொறுக்குறேன்" என்கிறார். அப்பா சொல்லாவிட்டால் ஜூன் ஆறாம் தேதி தாலி. அதனால் நீ எனக்கு ஒரு உதவி செய். அந்த அம்மாவிடம் போய், அட்டை எழுதியது நான்தான் என்று அப்பாவிடம் சொல்லச் சொல். ஏன் அப்படிச் செய்தார் என்று நான் கேட்கவே மாட்டேன்.

மல்லிகா


காஜா பேராங்
2 ஏப்ரல் 1957

மல்லிகா,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன்.

முதலில் ஒன்று. சுந்தரி அம்மாள் நடிக்கவில்லை. அவர் மலாக்காச் செட்டி, செட்டிக் கம்பத்துக்காரர். அவர்களுக்குச் சாமி தமிழ், பெயர் தமிழ், வாய் மட்டும் மலாய். அவருடைய பாட்டிக்குப் பாட்டிக்கே தமிழ் வராதாம். நீ தோட்டத்திலிருந்து வந்து ரெண்டு வருஷம்தான் ஆகிறது, உனக்கு யாரும் சொல்லவில்லை. திருநீறு பூசினால் தமிழ் தெரியும் என்றால், ஆயுத பூஜைக்குப் பட்டை போட்ட எங்கள் வீட்டு அம்மிக்கல்லும் பேச்சுப் போட்டிக்குப் போகலாம்.

சிரிக்க மாட்டாய் என்று தெரியும். கை தானாக எழுதிவிட்டது.

ஆக, தமிழில் வருகிற சீட்டை அவரால் படிக்க முடியாது. பதிலும் அவர் எழுதுவதில்லை. தமிழ் தெரிந்த யாரோ எழுதிக்கொடுப்பார்கள் போலிருக்கிறது. விசாரிக்கிறேன். உஜோங் பாசிரில் மாமா வீட்டில் விசேஷம், இந்த வாரம் முழுக்க அங்கேதான். வந்து எழுதுகிறேன்.

வாத்தியார் உன்னை விசாரித்தார்.

சந்திரா


சுங்கை லாடா
11 ஏப்ரல் 1957

சந்திரா,

யாரோ என்று ஒருவர் காஜா பேராங்கில் இல்லை. வாரா வாரம் சனிக்கிழமை அந்தக் கடையில் கிடக்கிறவள் நீ. தமிழ்ச் சீட்டுக்கு யார் பதில் எழுதுகிறார்கள் என்று உனக்குத் தெரியாமல் இருக்காது. பெயரைச் சொல்.

மல்லிகா


காஜா பேராங்
20 ஏப்ரல் 1957

மல்லிகா,

நான்தான்.

டிசம்பர் முதல் எழுதுகிறேன். தமிழ்ச் சீட்டுகளைச் சுந்தரி அம்மாள் தனியாக ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார். "சந்திரா, இனி தமில் புஞ்ஞா" என்று, இதெல்லாம் தமிழ் என்று, டின்னை என் பக்கம் தள்ளுவார். என்ன எழுதினேன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நம்பிக்கை. நான் பாட்டுக்கு, யார் கை என்று தெரியாதபடி அச்செழுத்தில் எழுதித் தள்ளினேன். வாலறுந்த பூனை வேண்டும் என்றவனுக்கு, பூனை தயார், வால்தான் எங்கே வைத்தோம் என்று தேடுகிறோம் என்று எழுதினேன். பல் முளைக்கவில்லை என்று அழுதவளுக்கு, பல்லுக்குச் சொல் அனுப்பியிருக்கிறோம் என்று எழுதினேன். பிள்ளைகள் சிரித்துச் சிரித்துப் படிப்பார்கள். கம்பிக்கடியில் கூட்டம் நிற்கும். தேவதைக்கு நல்ல பெயர்.

உன் சீட்டும் அந்த டின்னில்தான் கிடந்தது. யாரோ பெரிய அக்கா எழுதியது என்று நினைத்து விளையாட்டாக எழுதிவிட்டேன். நீ என்று தெரிந்திருந்தால் எழுதுவேனா?

சிரித்ததும் நான்தான். வெளியே வந்து, ஏமாந்தாயா என்று கேட்டு, உன்னைச் செண்டோல் குடிக்கக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருந்தேன். அதற்குள் லாரி வந்துவிட்டது.

என்னை மன்னித்துவிடு.

சந்திரா


சுங்கை லாடா
1 மே 1957

சந்திரா,

யாரோ பெரிய அக்கா என்கிறாய். யாரென்று தெரியாதவளை ஏமாற்றிவிட்டு, என்னை ஏன் செண்டோல் குடிக்கக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்?

ரெண்டு வருஷம் என் நோட்டைப் பார்த்து எழுதியவள் நீ. நான் 'ழ' போட்டால் வால் கோட்டுக்குக் கீழே இறங்கி அடுத்த வரியில் முட்டும் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிச் சிரித்தவள் நீ. அந்தக் கையெழுத்தை உனக்குத் தெரியாது. சரி.

உன் கடிதத்தை அத்தையிடம் படித்துக் காட்டினேன். "கூட்டாளிப் பொண்ணுங்க ஒருத்திக்கு ஒருத்தி எழுதிக் குடுத்துக்குவீங்க. எனக்கு எங்கண்ணன் வாய் வேணும்" என்றார். அதனால் கடிதம் பிரயோசனப்படாது. நீ என் அப்பாவிடம் போக வேண்டும். அவர் முன்னால் நின்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் லாரி கழுவிக்கொண்டிருப்பார். அப்போது யார் பேசினாலும் கேட்பார்.

ஓடிப்போனவள் என்று இங்கே தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து பிள்ளைகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகின்றன. கல்யாணம் நடந்தால்கூட நடந்துவிட்டுப் போகட்டும். ஆனால் எங்கப்பா என்னை அப்படி நினைத்துக்கொண்டு மாலை எடுத்துக் கொடுக்கக்கூடாது.

இன்னும் ஐந்து ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது.

மல்லிகா


காஜா பேராங்
19 மே 1957

மல்லிகா,

தெரியும். 'ழ'வைப் பார்த்த உடனே தெரியும்.

டின்னில் முதலில் எடுத்ததே உன் சீட்டு. படித்தேன். கல்யாணம் பேசுகிறார்கள் என்று என்னிடம் நீ ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. தினமும் பக்கத்தில் உட்கார்ந்தவள். வீட்டுக்குச் சேர்ந்து நடந்தவள். ஒரு வார்த்தைகூடத் தமிழில் பேசத் தெரியாத அம்மாவிடம் சொல்ல உனக்கு வாய் வந்தது, என்னிடம் வரவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவளிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்திருப்பாய். அது எனக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. என்னிடம் சொல்லாததற்கு நன்றாக ஏமாறட்டும், பையோடு வந்து முழிக்கட்டும் என்றுதான் எழுதினேன். யாரிடமும் மூச்சு விடாதே என்ற வரியை எழுதும்போது ரொம்பச் சாமர்த்தியமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

லாரி வந்தபோது திரையை ஒரு விரல் விலக்கிப் பார்த்தேன். நீ ரோட்டில் நின்றாய். ஒரு எட்டு வைத்து வெளியே வந்து, நான்தான் மாமா, விளையாட்டு என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். கால் வரவில்லை. உங்கப்பா கையில் இடுப்பு பெல்ட் இருந்தது. எங்கப்பாவுக்குத் தெரிந்தால் அவரும் கழற்றுவார் என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம். இதில் சிரிக்க எதுவும் இல்லை, நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

அன்றைக்கு மாலையே சுந்தரி அம்மாள் அந்த அட்டையில் என்ன எழுதினாய் என்று கேட்டார். சொன்னேன். திட்டவில்லை. பிஸ்கட் டின்னை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். மார்ச்சில் உனக்கு எழுதினேனே, நேற்றும் கடைக்குப் போனேன் என்று, போனது நிஜம். வாசல் வரைதான்.

போன ரெண்டு ஞாயிற்றுக்கிழமையும் உங்கள் சந்துக்குள் நுழைந்தேன். முதல் தடவை உங்கப்பா லாரிக்கு அடியில் படுத்திருந்தார், கால் மட்டும் தெரிந்தது. காலிடம் எப்படிச் சொல்வது என்று திரும்பிவிட்டேன். ரெண்டாம் தடவை என்னைப் பார்த்து, "என்னா பாப்பா?" என்றார். "பத்மினி இருக்காளா மாமா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு போகிறேன். சத்தியம்.

சந்திரா


காஜா பேராங்
12 ஜூன் 1957

மல்லிகா,

உனக்குத் தாலி ஏறி ஆறு நாள் ஆகிறது. இந்தக் கடிதத்தை நீ கிழித்துப் போட்டாலும் நான் எழுதித்தான் ஆக வேண்டும்.

அடுத்த ஞாயிறு போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. ஜூன் நாலாம் தேதி, செவ்வாய்க்கிழமை போனேன். உங்கப்பா கல்யாணத்துக்குக் குளுவாங் கொண்டுபோக அண்டாவும் பாயும் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். உள்ளே உங்கம்மா முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மூச்சுவிடாமல் சொன்னேன். சீட்டு, டின், அட்டை, திரை எல்லாம். ஆள் என்று யாரும் இல்லை மாமா, நான்தான் அந்த ஆள் என்றேன்.

அவர் அண்டாவைக் கீழே வைக்கவேயில்லை.

"தெரியும்" என்றார்.

"மாமா?"

"அந்தக் கடைக்கார அம்மா மறுநாளு காலையிலேயே வூட்டுக்கு வந்திருச்சி. மலாயில எல்லாம் சொல்லிருச்சி. எழுதுனது கருணாகரன் கிராணி மவ, நீதான்னும் சொல்லுச்சி. அழுதுகூட அழுதுச்சி."

"அப்போ மல்லிகா மேலே தப்பு இல்லேன்னு..."

"எம் மவளப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் மாமா அவகிட்டே சொல்லலே? அத்தைகிட்டே சொல்லலே?"

அண்டாவை லாரியில் தள்ளிவிட்டுக் கையைத் துடைத்தார். கோபமே இல்லை அவர் முகத்தில். ரோட்டுக்கு எவ்வளவு கல் வேண்டும் என்று கணக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார். "சொன்னா? பரீச்சைன்னு நிப்பா. அது பாஸானா டீச்சராவுறேன்னு நிப்பா. அவளுக்குக் கீழ ரெண்டு பொண்ணு எனக்கு நிக்குது. நானும் ஒரு வருசமா நல்ல வார்த்தையில சொல்லிப் பாத்தேன், எதுத்துப் பேசுனா. அன்னைக்கு ஊரு சிரிச்சதும் வாய மூடிட்டா. குனிஞ்ச கழுத்துல தாலி கட்டுறது சுளுவு, பாப்பா. நீ செஞ்சது எனக்கு ஒத்தாசைதான்."

பிறகு உள்ளே திரும்பி, "புள்ளைக்கு முறுக்கு குடு" என்றார்.

உங்கம்மா இலையில் வைத்துக் கொடுத்தார்கள். நான் வாங்கினேன். சந்து முனை திரும்புவதற்குள் தின்றும் விட்டேன். ஏன் தின்றேன் என்று எனக்குத் தெரியாது.

தந்தி கொடுக்கலாம் என்று தபாலாபீஸ் போனேன். அப்பாவுக்கு முதலிலிருந்தே தெரியும் என்று தந்தியில் வந்தால் நீ என்ன செய்வாய்? இன்னும் ரெண்டு நாளில் கல்யாணம், அதே அப்பா பக்கத்தில் நிற்பார். தந்திப் பாரத்தில் உன் பெயரை மட்டும் எழுதிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் உனக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது என்று இப்போது எழுதுகிறேன். உன்னிடம் பொய் எழுதியது போதும். இனி ஒரு வரிகூடப் பொய் எழுத மாட்டேன்.

சந்திரா


சுங்கை லாடா
1 செப்டம்பர் 1957

சந்திராவுக்கு,

நேற்று இங்கேயும் சுதந்திரம். ஆபீஸ் வாசலில் கொடி ஏற்றினார்கள். ரப்பர்ப் பால் மரத்துக்கு ஒரு நாள் லீவு. எல்லோருக்கும் மிட்டாய்ப் பொட்டலம் கொடுத்தார்கள். இனிமேல் எல்லாம் நம் கையில் என்று ஆபீஸ் கணக்கு எழுதும் பெரிய கிராணி பேசினார். நாளைக்குக் காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்கு ஐந்து மணிக்கு வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.

உன் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. கிழித்திருக்கலாம்.

என் வீட்டுக்காரர் மோசமான மனிதர் இல்லை. அடிப்பதில்லை, குடிப்பதில்லை. ஒன்றே ஒன்றுதான். சாப்பிட்டுக்கொண்டே இருக்கும்போது திடீரென்று, "யாரு அவன்?" என்பார். யாரும் இல்லை என்பேன். சரி என்று சோற்றைப் பிசைவார். பத்து நாள் கழித்து மறுபடி கேட்பார். பொறுக்க முடியாமல் போன மாதம் உன் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். விளக்கைப் பக்கத்தில் இழுத்து முழுக்கப் படித்தார். "ஒங்கூட்டாளி நல்லா கதை எழுதுறா" என்று மடித்துக் கொடுத்தார். உன்னை அவருக்குத் தெரியாது, ஆனால் சரியாகச் சொல்லிவிட்டார்.

மே மாதம் நீ போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஆகியிருக்காது. அப்பாவுக்குத்தான் முன்னமே தெரியுமே. அதனால் நீ பயந்து திரும்பித் திரும்பிப் போனதற்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அட்டைக்குக்கூட இல்லை. அது கரைந்துவிட்டது.

கோபம் இந்தக் கடைசிக் கடிதத்துக்குத்தான். இது வருகிற வரைக்கும் எனக்கு ஒரு அப்பா இருந்தார். தப்பாக நினைத்துவிட்டார், அவசரப்பட்டுவிட்டார், உண்மை தெரிந்தால் ஓடிவருவார் என்று ஒருவர். மணவறையில் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவமானம் தாங்காமல் பார்க்கவில்லை என்று அவருக்காக அழுதேன். பாவம் எங்கப்பா என்று அழுதேன், சந்திரா.

பொய் எழுத மாட்டேன் என்று எனக்குத்தான் சத்தியம் செய்ய வேண்டுமா? ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பூனையும் பல்லும் எழுதியவள். எனக்கு மட்டும் உண்மை. அப்பாவிடம் சொன்னேன், அண்டாவைக் கீழே போட்டுவிட்டார், திண்டாடிப்போய் அழுதார், எம்புள்ளைக்குப் பாவம் செஞ்சிட்டேனே என்றார் என்று நாலு வரி எழுத உனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

நான் நம்பியிருப்பேன்.

மல்லிகா